45 கைச்செற், 3 அம்புலன்ஸ், 4 அலுவலகம்: எங்கட சங்கத்துக்கு எந்த றேடியோ முறைமை?

சங்கச்செயலாளர்:
எல்லாருக்கும் வணக்கம். எங்களுடையது அனர்த்த உதவியும் அம்புலன்ஸ் சேவையும் செய்கிற சங்கம். தலைமை அலுவலகம் யாழ் நகரில், கிளைகள் சாவகச்சேரி, பருத்தித்துறை, வேலணை. தொண்டர்கள் 45 பேர், அம்புலன்ஸ் 3. இப்ப எல்லாம் கைப்பேசியிலதான் ஓடுது. புயல் மழை வந்து கரண்ட் போனால் சில மணித்தியாலத்தில் கைப்பேசிக் கோபுரங்களின்ர பற்றறியும் இறங்கத் தொடங்கும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீதியில நிக்கிற தொண்டருக்கு அழைப்பு எடுக்கிறதே பாடு.

மூன்று விலைக்கூறல் கையில இருக்கு. ஒன்று, 45 அனலொக் விஎச்எஃப் (150 மெகாஹேட்ஸ் பக்கம்) கைச்செற், 5 வாற்று, "10 கிலோமீற்றர் போகும்", றிப்பீற்றர் (கேட்டதை உடன வேற அலைவரிசையில திரும்ப அனுப்புற நிலையம்) இல்லை. இரண்டாவது, டிஎம்ஆர் எண்ட டிஜிற்றல் முறையில ஓடுற யூஎச்எஃப் (450 மெகாஹேட்ஸ் பக்கம்) கைச்செற்றும் ஒரு றிப்பீற்றரும். ரவர் எங்கட பொறுப்பு. மூன்றாவது, சிம் போட்டு டேட்டாவில ஓடுற வோக்கி, மாதக் கட்டணம். எதை எடுக்கலாம்?

அலைநீளம்:
மூன்றையும் ஒரு பக்கம் வையுங்கோ. முதல்ல வரைபடத்தை விரியுங்கோ. ஆர் எங்க நிண்டு ஆரோட கதைக்கோணும் எண்டு புள்ளி போட்டால் பாதி முடிவு தானா வந்திடும்.

விஎச்எஃப், யூஎச்எஃப் இரண்டும் ஏறத்தாழக் கண்பார்வைக் கோட்டில போறவை. அடிவானத் தூரத்துக்குச் சின்னக் கணக்கு: அன்ரனா உயரத்தை மீற்றரில எடுத்து வர்க்கமூலம் கண்டு 4.12 ஆல பெருக்கினால் கிலோமீற்றர் வரும். இரண்டு முனைக்கும் கண்டு கூட்டுங்கோ. கையில பிடிச்ச செற் 1.5 மீற்றர் எண்டால் 5 கிலோமீற்றர். இரண்டு பேருக்கும் சேர்த்து 10. உங்கட முதல் விலைக்கூறலின்ர "10 கிலோமீற்றர்" இங்கயிருந்துதான் வருது. இடையில ஒண்டுமே இல்லாத வெட்டவெளியில, உப்பளத்தின்ர இந்தக் கரையில ஒருத்தர் அந்தக் கரையில ஒருத்தர் நிண்டால் சரி. வீடு, மதில், பனங்கூடல் உள்ள ஊருக்குள்ள 2, 3 கிலோமீற்றர் கிடைச்சால் அதுவே நல்லது.

அதே கைச்செற் 30 மீற்றர் ரவரில இருக்கிற றிப்பீற்றரோட கதைச்சால் 22.6 உம் 5 உம் சேர்ந்து 27 கிலோமீற்றருக்கு மேல. எங்கட குடாநாடு மேசை மாதிரித் தட்டை. மலை மறைக்காது, ஆனா ஏறி நிக்கவும் மலை இல்லை. அதால இங்க உயரத்தைக் காசு குடுத்துத்தான் வாங்கோணும். கைச்செற்றின்ர வாற்றைக் கூட்டுறதால பெரிசா ஒண்டும் வராது.

அடுத்தது, ரவர் எங்க எண்ட கேள்வி. தலைமை அலுவலகம் நகரத்தில எண்டதுக்காக அங்கயே நடாதேங்கோ. நகரத்திலயிருந்து பருத்தித்துறை நேர்கோட்டில 30 கிலோமீற்றருக்குக் கிட்ட. அது கணக்குக்கு வெளிய போகுது. கோப்பாய், நீர்வேலிப் பக்கம் நட்டால் பருத்தித்துறை, சாவகச்சேரி, வேலணை, ஊர்காவற்றுறை எல்லாம் ஏறத்தாழ 23 கிலோமீற்றருக்குள்ள வருது. தலைமை அலுவலகம் கூரையில ஒரு சின்ன அன்ரனா வைச்சு அந்த றிப்பீற்றருக்கூடாகவே கதைக்கலாம்.

தீவகத்தான்:
அண்ணை சொன்ன 27 கிலோமீற்றர் றிப்பீற்றர் சொல்லுறது உங்களுக்குக் கேட்கிற தூரம். நீங்கள் சொல்லுறது அதுக்குக் கேட்கோணுமே. றிப்பீற்றர் 25 வாற்றும் உயரத்து அன்ரனாவும். கைச்செற் 5 வாற்றும் றப்பர் அன்ரனாவும். இடுப்புப்பட்டியில செருகி, தோளில மைக் மாட்டிக் கதைச்சால் உடம்பு மறைக்கிறதும் குட்டை அன்ரனாவும் சேர்ந்து 10 டெசிபெலுக்கு மேல சாப்பிடும். 10 டெசிபெல் எண்டால் பத்தில ஒண்டு: 5 வாற்று அரை வாற்றாப் போச்சு. "எனக்கு எல்லாம் கேட்குது, என்ர பதில்தான் ஒருத்தருக்கும் கேட்கேல்லை" எண்ட முறைப்பாட்டுக்கு இதுதான் காரணம்.

வேலணை விளிம்பில, பருத்தித்துறைக் கரையில கைச்செற்றை நம்பாதேங்கோ. அந்தக் கிளை அலுவலகம் இரண்டிலயும் 25 வாற்று வாகனச் செற் ஒண்டை 12 மீற்றர் குழாயில அன்ரனா போட்டு பேஸ் (அசையாத நிலையம்) ஆக வையுங்கோ. கிளைக்காரர் தங்களுக்குள்ள றிப்பீற்றர் இல்லாத நேரடிச் சனலில கதைக்க, பேஸில இருக்கிறவர் செய்தியைக் கடத்துவார். நெடுந்தீவு உங்கட பட்டியலில இல்லை. இருந்தால் அது வேற கணக்கு. நகரத்திலயிருந்து 35 கிலோமீற்றருக்கும் மேல, இரண்டு பக்கமும் உயரம் வேணும்.

இன்னொண்டு: நோயாளியைப் படகில ஏத்திறதெண்டால் படகுக்குக் கடல் விஎச்எஃப் செற் தனியா வேணும். 156.8 மெகாஹேட்ஸ், 16 ஆம் சனல்தான் கடலில அவசரத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்கிற சனல். தரைச் செற்றில அந்த எண்ணை அடிச்சு வைக்கிறது சட்டப்படியும் பிழை, வேலைக்கும் உதவாது.

சங்கச்செயலாளர்:
மிக்க நன்றி. அப்ப விஎச்எஃபா யூஎச்எஃபா? டிஎம்ஆர் விற்கிறவர் யூஎச்எஃப்தான் "புது முறை" எண்டு சொல்லுறார்.

அலைநீளம்:
புதுசு பழசு எண்டு ஒண்டும் இல்லைத் தம்பி. டிஎம்ஆர் இரண்டிலயும் வருது. ஒரே அளவு அன்ரனா ஈட்டம் (அன்ரனா அலையைக் குவிக்கிற அளவு) எண்டு வைச்சால் 150 மெகாஹேட்ஸை விட 450 மெகாஹேட்ஸில வெளிவழி இழப்பு, அதாவது காத்தில போற வழியில வாற இழப்பு, 9.5 டெசிபெல் கூட. மழையில நனைஞ்ச ஓலையும் யூஎச்எஃபைத்தான் கூட உறிஞ்சும். ஊர் பரந்து கிடக்குது, அடுக்குமாடி குறைவு. என்ர தெரிவு விஎச்எஃப்.

கொடிகாமம்_பேஸ்:
இதில அண்ணையோட முழுக்க ஒத்துப்போக மாட்டன். ஏட்டில 9.5 டெசிபெல் சரி. ஆனா விஎச்எஃபில இரைச்சல் ஏறிக்கொண்டு போகுது. மலிவான எல்ஈடி பல்ப், சோலர் இன்வேர்ட்டர், கைப்பேசிச் சார்ஜர் எல்லாம் 150 மெகாஹேட்ஸ் பக்கம் குப்பை கொட்டுது. அம்புலன்ஸின்ர மின்னுற எல்ஈடி விளக்குப் பட்டையே பெரிய எதிரி: விளக்கைப் போட்ட உடன செற் செவிடாகும். விஎச்எஃப் எடுத்தால் வாகனத்தில அன்ரனாவை விளக்குப் பட்டைக்குப் பக்கத்தில பூட்டாமல் கூரையின்ர மறு அந்தத்தில பூட்டுங்கோ. செற்றுக்கு மின் வயர் இரண்டையும் நேர பற்றறியிலயிருந்து இழுத்து, பற்றறிக்குக் கிட்ட பியூஸ் போடுங்கோ. சோதிக்கேக்க என்ஜின், விளக்கு, சைரன் மூண்டும் ஓடோணும்.

மற்றது, ஓலை உறிஞ்சுறதைப் பார்க்கிற மாதிரியே கட்டடத்துக்குள்ள ஊடுருவுறதையும் பார்க்கோணும். ஆஸ்பத்திரிக் கொங்கிறீற் கட்டடத்துக்குள்ள யன்னலால கதவால நுழையிறதுக்கு யூஎச்எஃபின்ர குறுகின அலை வசதி. யூஎச்எஃப் கால் அலை அன்ரனா (அலைநீளத்தில கால் பங்கு) 16, 17 சென்ரிமீற்றர். கையில முழு அளவா இருக்கும். விஎச்எஃபில அது 50 சென்ரிமீற்றர். சுருட்டிக் குட்டையாக்கினால் திறன் போகும். வேலை முழுக்க நல்லூர் வீதியும் ஆஸ்பத்திரியும் எண்டால் நான் யூஎச்எஃப் எண்டுதான் சொல்லுவன். உங்களுக்கு நாலு ஊர் எண்டபடியா விஎச்எஃபுக்குச் சம்மதம், மேல சொன்ன நிபந்தனையோட.

அலைநீளம்:
நியாயம். விளக்குப் பட்டைக் கதையைச் சேர்த்தது நல்லது.

டிஎம்ஆர் எடுக்கலாமா எண்டதுக்கு என்ர பதில், ஓம். முக்கிய காரணம் குரல் தெளிவு இல்லை. 12.5 கிலோஹேட்ஸ் ஒரு சனலை நேரத்தால இரண்டு ஸ்லொட்டா (மாறி மாறி வாற நேரத்துண்டு) பிரிக்கிறபடியா ஒரு றிப்பீற்றர், ஒரு சோடி அலைவரிசை, ஒரு அன்ரனாவில இரண்டு உரையாடல் சமகாலத்தில ஓடும். அம்புலன்ஸ் ஒரு ஸ்லொட், தொண்டர் மற்ற ஸ்லொட். அனலொக்கில இதுக்கு இரண்டு றிப்பீற்றர் வேணும். கெட்ட பக்கமும் இருக்கு: அனலொக் தூரம் கூடக் கூட இரையும், ஆள் விளங்கிக்கொண்டு இடம் மாறுவார். டிஜிற்றல் கடைசி எல்லை மட்டும் தெளிவாக் கேட்டு, பிறகு உடைஞ்சு, சட்டெண்டு அறுந்துபோம். அதால நேரடிச் சனல் ஒண்டையாவது அனலொக்கில விடுங்கோ. வேற அமைப்பு உதவிக்கு வந்தாலும் அதிலதான் சேரலாம்.

சிம் வோக்கியைத் திருவிழாவுக்கோ கொழும்பு போற வாகனத்துக்கோ இரண்டு மூண்டு வைச்சிருக்கலாம். ஆனா நீங்கள் றேடியோ தேடுறதே கைப்பேசி வலையமைப்பு விழுகிற நேரத்துக்கு. அதே வலையமைப்பில ஓடுற சாமானை முதன்மையா எடுத்தால் காரணமே அடிபட்டுப்போம்.

கொடிகாமம்_பேஸ்:
இப்ப கேபிளுக்கு வருவம். விலைக்கூறலில "கேபிள் 40 மீற்றர்" எண்டு மட்டும் இருந்தால் திருப்பி அனுப்புங்கோ. எந்தக் கேபிள்?

150 மெகாஹேட்ஸில 100 மீற்றருக்கு இழப்பு: ஆர்ஜி-58 ஏறத்தாழ 20 டெசிபெல், எல்எம்ஆர்-400 ஏறத்தாழ 5, அரை அங்குல ஹெலியாக்ஸ் 2.7. யூஎச்எஃபுக்குப் போனால் மூண்டும் ஏறத்தாழ இரட்டிக்கும். 40 மீற்றர் ஆர்ஜி-58 போட்டால் 8 டெசிபெல் போச்சு. 25 வாற்று றிப்பீற்றர் மேல 4 வாற்றாத்தான் போய்ச் சேரும். வாறதும் அதே அளவு தேயும். ஹெலியாக்ஸ் எண்டால் 1.1 டெசிபெல்.

இதைவிட மோசம், கெட்ட கேபிள் தன்ர பிழையைத் தானே மறைக்கும். எஸ்டபிள்யூஆர் மீற்றரை (அன்ரனாவிலயிருந்து எவ்வளவு அலை திரும்புது எண்டு காட்டுறது, 1 க்குக் கிட்ட எண்டால் நல்லது) கீழ செற்றுக்குப் பக்கத்தில பூட்டி "1.4 தான், நல்லா இருக்கு" எண்டு சொல்லுவினம். 8 டெசிபெல் இழப்புள்ள கேபிளில மேல அன்ரனா கழண்டு தொங்கினாலும் கீழ 1.4 தான் காட்டும். போன அலை 8 டெசிபெல் தேய்ஞ்சு, திரும்பி வாறது இன்னொரு 8 தேய்ஞ்சு, மீற்றருக்கு வரேக்க திரும்பினதே தெரியாது. அதால அளவு இரண்டு தரம்: ஒருக்கா ரவர் மேல அன்ரனாக் காலில, ஒருக்கா கீழ. கேபிளைத் தனிய, மேல 50 ஓம் டம்மி லோட் (அன்ரனாவுக்குப் பதிலாப் பூட்டுற சுமை) போட்டும் பாருங்கோ. மூண்டு எண்ணையும் தேதியோட எழுதிப் பெட்டிக் கதவின்ர உள்பக்கம் ஒட்டுங்கோ. அடுத்த வருசம் என்ன மாறியிருக்கு எண்டு பார்க்க வேற வழி இல்லை.

மூட்டு: வெளியில என் வகைக் கனெக்டர் மட்டும். பிஎல்-259 கனெக்டர் தண்ணிக்கு அடைப்பில்லாதது. கனெக்டரை இறுக்கின பிறகு தன்னோட தானே ஒட்டுற றப்பர் டேப்பை அரைவாசி மேல் ஏற இழுத்துச் சுத்தி, அதுக்கு மேல கறுப்பு வினைல் டேப். கடைசிச் சுத்து கீழயிருந்து மேல போகோணும், ஓடு வேயிற மாதிரி. அப்பதான் மழைத்தண்ணி மடிப்புக்குள்ள போகாது. வினைலை மட்டும் சுத்தினால் எங்கட வெய்யிலுக்கு ஒரு வருசத்தில பசை உருகி வழியும். கேபிள் அறைக்குள்ள போக முன்னம் ஒரு தொய்வு விடுங்கோ, தண்ணி அதில சொட்டட்டும். உப்புக்காத்துக்குக் கிளாம்ப் எல்லாம் ஸ்ரெயின்லெஸ், ரவர் சூடாத் தோய்ச்ச நாகப்பூச்சு.

தீவகத்தான்:
டுப்ளெக்சரையும் (அனுப்புற அலையையும் கேட்கிற அலையையும் பிரிக்கிற வடிகட்டி) சொல்லுங்கோ. ஒரே அன்ரனாவில அனுப்பவும் கேட்கவும் றிப்பீற்றருக்கு அது கட்டாயம். இரண்டு அலைவரிசைக்கும் இடையில விஎச்எஃபில 4.6 இலயிருந்து 5 மெகாஹேட்ஸ் மட்டில இடைவெளி கேளுங்கோ. இடைவெளி குறைஞ்சால் டுப்ளெக்சர் பெருக்கும், விலையும் ஏறும். அதை உங்கட அலைவரிசைக்கு இசைச்சுத்தான் தருவினம். அதால தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அலைவரிசை ஒதுக்க முன்னம் டுப்ளெக்சர் வாங்கினால் பிறகு திரும்ப இசைக்கோணும். திருகாணியை ஆரும் கையால திருப்பக் கூடாது.

இந்தியப் பக்கச் சமிக்ஞையையும் மறவாதேங்கோ. கடலுக்கு மேல சூடான காத்துப் படை நிக்கிற நாளில விஎச்எஃப் அலை வளைஞ்சு பாக்குநீரிணையைத் தாண்டும். தமிழ்நாட்டு எஃப்எம் இங்க கேட்கிற அதே காரணம். அனலொக் சனலுக்கு ரோன் (உங்கட செற்றை அடையாளம் காட்டுற மெல்லிய ஒலிக்குறி), டிஎம்ஆருக்கு அதே வேலை செய்யிற, 0 இலயிருந்து 15 வரைக்கும் உள்ள கலர் கோட்டில ஒண்டு போட்டால் அந்நியக் குரல் கேட்காது. ஆனா ரோன் இரகசியப் பூட்டும் இல்லை, இடைஞ்சலை நீக்கவும் மாட்டாது. அந்த அலை வந்துகொண்டுதான் இருக்கும், உங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். நோயாளியின்ர பேர், நோய் விபரம் காத்தில போகக் கூடாது எண்டதை எழுத்தில விதியாக்குங்கோ.

பற்றறிக்காரன்:
கரண்ட் போற நேரத்துக்குத்தான் இந்த முறைமை எண்டால் பற்றறிக் கணக்கை ஒருத்தரும் போடேல்லையே. போடுவம்.

25 வாற்று றிப்பீற்றர் அனுப்பேக்க 13.8 வோல்ட்டில 8 அம்பியர் மட்டில, சும்மா நிக்கேக்க 0.7 எண்டு எடுங்கோ. உங்கட மொடலின்ர உண்மை எண்ணைக் கையேட்டில பார்த்து மாத்துங்கோ. அனர்த்த நேரம் 30 வீதம் அனுப்பும் எண்டால் சராசரி 2.9 அம்பியர். நாளுக்கு 70 அம்பியர்-மணி. இரண்டு நாளுக்கு 140. ஈய அமிலப் பற்றறியைப் பாதிக்குக் கீழ இறக்கக் கூடாதெண்டபடியா 280 வேணும். லிதியம் பொஸ்பேற் எண்டால் 175 போதும். நிறையும் குறைவு, சூட்டையும் கூடத் தாங்கும்.

சோலர்: நாளுக்கு 900 வாற்று-மணிக்கு மேல வேணும். நல்ல வெய்யிலில 300 வாற்றுப் பலகை போதும். ஆனா உங்களுக்குத் தேவை வாறதே ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில, வானம் மூடிக் கிடக்கிற நேரம். 600 வாற்று போடுங்கோ. கணக்கை வைகாசி வெய்யிலுக்குப் போட்டுவிட்டு மாரியில முழிக்கிறதுதான் வழமையான பிழை. சார்ஜ் கொன்ட்றோலரும் றேடியோவுக்கு இரைச்சல் தரும். அதைப் பூட்டின பிறகு றிப்பீற்றர் கேட்கிற திறனைத் திரும்ப அளக்கோணும்.

கைச்செற்றுக்கு இரண்டுக்கு ஒரு மேலதிக பற்றறி. 45 க்கு 22, 23. ஆறு செற் ஒண்டாப் போடுற சார்ஜர் ஒவ்வொரு கிளையிலும். அம்புலன்ஸின்ர முன்கண்ணாடிக்குக் கீழ வெய்யிலில வைக்கிற பற்றறி கெதியாச் செத்துப்போம்.

சங்கச்செயலாளர்:
இடி மின்னலுக்கு? கோப்பாய்ப் பக்கம் தோண்டினால் கொஞ்சத்தில சுண்ணாம்புக் கல்லு வருது.

பற்றறிக்காரன்:
ஓம், அதுதான் எங்கட ஊரின்ர பிரச்சினை. மேல செம்மண் மெல்லிசு, கீழ பாறை. ஒரு கம்பியை 3 மீற்றர் அடிச்சு இறக்கலாம் எண்டு நினைக்காதேங்கோ. ரவரைச் சுத்தி அரை மீற்றர் ஆழத்தில செப்புப் பட்டியை வளையமாப் புதைச்சு, கால்கள் எல்லாத்தையும் அதில கட்டி, பாறையில துளை போட்டுக் கம்பியை இறக்கி, அதைச் சுத்திப் பென்டனைற் (ஈரம் பிடிச்சு வைக்கிற களிமண்) நிரப்புங்கோ. உப்புக் கொட்டுற பழைய வழக்கம் வேண்டாம்: மழையில கரைஞ்சு போகும், செம்பை அரிக்கும், பக்கத்துக் கிணத்துக்கும் கேடு. 10 ஓமுக்குக் கீழ வரோணும், 5 நல்லது. அளக்கிறது பங்குனி, சித்திரை வறட்சியில. மாரியில அளந்தால் எந்த மண்ணும் நல்ல எண் காட்டும்.

கேபிளின்ர வெளிச் செம்பை ரவர் உச்சியில, அடியில, அறைக்குள்ள நுழைய முன்னம் எண்டு மூண்டு இடத்தில நிலத்தோட கட்டுங்கோ. காஸ் குழாய்த் தடுப்பான் (மின்னல் அழுத்தத்தை நிலத்துக்கு விடுறது) நுழைவாயிலில. மின்சார வயரின்ர தடுப்பானும் அதே நிலத்துக்குத்தான். கரண்டுக்கு ஒரு நிலம், அன்ரனாவுக்கு வேற நிலம் எண்டு பிரிச்சால் இரண்டுக்கும் இடையில நிக்கிறது றிப்பீற்றர்தான். இடி அதுக்கூடாகத்தான் கடக்கும்.

அலைநீளம்:
அனுமதிக்கு இப்பவே தொடங்குங்கோ. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி, அலைவரிசை பாவிக்கத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின்ர அனுமதிப்பத்திரம் வேணும். ரவரின்ர அட்சக்கோடு தீர்க்கக்கோடு, அன்ரனா உயரம், வாற்று, செற் எண்ணிக்கை, மொடல் எல்லாம் தயாரா வைச்சிருங்கோ. விற்கிறவரிட்ட வியாபாரி அனுமதி இருக்கோ, அந்த மொடலை ஆணைக்குழு ஏற்றிருக்கோ எண்டு பிரதி கேளுங்கோ. ஐரோப்பாவில 446 மெகாஹேட்ஸ் இலவசம், அமெரிக்காவில வேறொண்டு இலவசம் எண்டு இணையத்தில வாசிச்சு இங்க கொண்டுவரக் கூடாது. அமெச்சூர் அலைவரிசையும் சங்க வேலைக்கு இல்லை. பலாலி விமான நிலையம் தூரமில்லை. ரவருக்குச் சிவில் விமானப் பக்கத்து உயர அனுமதி, உள்ளூராட்சி அனுமதி இரண்டையும் விசாரியுங்கோ.

சங்கச்செயலாளர்:
கேள்விப்பத்திரத்தில வேற என்ன எழுதோணும்? கைச்செற் எந்த மொடல் நல்லது?

கொடிகாமம்_பேஸ்:
மொடல் கடைசிக் கேள்வி. தண்ணி தாங்குற தரம் ஐபி67, கையுறையோட திருப்பக்கூடிய குமிழ், மேல தனி அவசரப் பொத்தான், திரையில்லாட்டியும் பரவாயில்லை. 45 உம் ஒரே மொடல், ஒரே பற்றறி. மொத்தக் காசில பாதிக்கு மேல கைச்செற்றுக்குப் போகுதெண்டால் ரவரிலயும் கேபிளிலயும் வெட்டியிருக்கினம் எண்டு அர்த்தம்.

கட்டாயம் எழுத வேண்டியது: புரோகிராம் கோப்பு, அதின்ர கடவுச்சொல், மென்பொருள், கேபிள் எல்லாம் சங்கத்துக்குச் சொந்தம். இது இல்லாட்டி ஒரு சனல் பேர் மாத்தவும் விற்றவரைத்தான் தேடிப்போகோணும். ஒருக்கா அழுத்தினால் 60 செக்கனில தானா வெட்டுற நேரக் கட்டுப்பாடு எல்லாச் செற்றிலயும் வேணும். இருக்கைக்கு இடையில நசுங்கின மைக் ஒண்டு முழுச் சனலையும் அடைச்சுப்போடும். சனல் பேரைத் தமிழில சொல்லக்கூடிய மாதிரி வையுங்கோ, 1 எல்லாருக்கும், 2 அம்புலன்ஸ், 3 நேரடி அனலொக். குமிழின்ர கடைசி இடமும் 3 ஆவே இருக்கட்டும். இருட்டில மழையில முழுக்கத் திருகினால் அதிலதான் போய் நிக்கோணும்.

அலைநீளம்:
ஏற்புச் சோதனையையும் எழுதுங்கோ. குடாநாட்டு வரைபடத்தில 2 கிலோமீற்றர் சதுரம் கீறி, ஒவ்வொரு சதுரத்திலயும் வீதியோரம் நிண்டு, இடுப்பில செற், தோளில மைக்கோட ஒரு வசனம் போறதும் வாறதும். "கேட்குதா" எண்டு கேட்டால் ஓம் எண்டுதான் வரும். ஒழுங்கையின்ர பேரையும் நாலு இலக்க எண்ணையும் சொல்லி, மறுமுனை எழுதினது சரியோ எண்டு பாருங்கோ. திருப்பிச் சொல்லாமல் விளங்கினால் தேர்ச்சி. போற பக்கம், வாற பக்கம் தனித்தனிப் புள்ளி. பத்துச் சதுரத்தில ஒன்பது தேறினால் மிச்சக் காசு, தேறாட்டி ரவரில திருத்திப்போட்டுத் திரும்ப.

சங்கச்செயலாளர்:
சோதனையை எப்ப வைக்கலாம்? நிர்வாகசபை ஆவணியில முடிக்கச் சொல்லுது.

அலைநீளம்:
ஆவணியில ஒருக்கா, பிறகு கார்த்திகையில விடாமழை பெய்யிற ஒரு நாளில ஒருக்கா. காசில ஒரு பங்கை இரண்டாவது சோதனை மட்டும் பிடிச்சு வையுங்கோ. கேபிளுக்குள்ள தண்ணி இறங்கினதும் ஓலை நனைஞ்சதும் அண்டைக்குத்தான் தெரியும். கதவில ஒட்டின மூண்டு எண்ணையும் அண்டைக்குத் திரும்ப அளவுங்கோ.